ஏறியதில் இறங்கியதைக் கழித்தால்

கணபதி, கோயமுத்தூர்
14.8.1999

அன்புள்ள அக்காவுக்கு,

பாலகோபால் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் பாவாவும் சௌக்கியமா? போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்தபோது பஸ்ஸில் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தேன். “ஏனுங்க, சீட்டு காலியாத்தான இருக்குது, உக்காருங்க” என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான் பார்த்தேன். அத்தனை கோபம்.

நேரில் பேசினால் நாம் கத்துகிறோம். வீட்டில் பேசுவது தெலுங்கானாலும், அத்தானைப் பாவா என்றே கூப்பிட்டாலும், நமக்குச் சண்டை மட்டும் தமிழில்தான் வருகிறது, அக்கம்பக்கத்துக்கெல்லாம் புரிந்துவிடுகிறது. பாவாவின் மில் மூடியதும் நீங்கள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். எஸ்.டி.டி. பூத்தில் நின்று நீங்கள் என்னைத் திட்டினால் பூத்காரர் மீட்டரைப் பார்க்கமாட்டார், உங்களைத்தான் பார்ப்பார். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தில் கத்த முடியாது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா பஞ்சு தரம் பார்க்கப் போன மில்லில் எல்லாம் ஐம்பதும் நூறுமாக ஷேர் வாங்கி, நம் இருவர் பேரிலும் சேர்த்துப் போட்டுவைத்தார். முப்பத்தாறு கம்பெனி. பேப்பரெல்லாம் என் பீரோவில் தூங்குகிறது. அடுத்த ஜூனில் என் பெண் நவ்யா பிளஸ் டூ முடித்துக் காலேஜில் சேரவேண்டும். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் தவிர வேறெதையும் அவள் காதில் வாங்குவதில்லை. பேமென்ட் சீட்டுக்கு நாலு வருஷத்துக்கு ஆகும் பணத்தில், இந்த முப்பத்தாறையும் விற்றால் பாதிதான் தேறும். அந்தப் பாதியை எடுத்து மூன்று சாஃப்ட்வேர் கம்பெனியில் போட்டால் ஜூனுக்குள் முழுசாகிவிடும். நான் ஷேர் புரோக்கர் ஆபீஸ் நடத்துகிறவன், அக்கா. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன். என் கையிலிருந்த கொஞ்சத்தைப் போட்டு நானே வாங்கியிருக்கிறேன்; ஏறிக்கொண்டிருக்கிறது.

கூட்டுப் பேரில் இருப்பதால் உங்கள் கையெழுத்தில்லாமல் ஒரு ஷேரையும் விற்க முடியாது. விற்பனைப் பாரங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

நீங்கள் நவ்யாவைத் தூக்கி வளர்த்தவர். அதை மட்டும் நினைத்துக்கொண்டு போடுங்கள்.

உங்கள் தம்பி,
பாலு


காரமடை
19.8.1999

பாலு,

பாரங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெருக்கல் குறியெல்லாம் நன்றாகப் போட்டிருக்கிறாய். எட்டாம் வகுப்பில் இதே குறியை நீ போட்டபோது கூட்டல் மாதிரி இருக்கும். நான்தான் குட்டு வைத்துத் திருத்தினேன்.

நேரில் வந்தபோதெல்லாம் சென்செக்ஸ் ஏறுகிறது, ஏறுகிறது என்கிறாய். பம்பாயில் முப்பது பெரிய கம்பெனியின் விலையைச் சேர்த்துப் போட்ட ஒரு எண் அது. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மூன்று பேர் நூற்றுக்கு நூறு வாங்கி, மற்றவர்கள் போன பரீட்சையைவிட ஒரு மார்க் குறைவாக வாங்கினாலும் வகுப்பு சராசரி ஏறத்தான் செய்யும். ஹெட்மாஸ்டர் சராசரியைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். வகுப்புக்குள் போகிறவளுக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டேன், எனக்கு அந்த ஹெட்மாஸ்டர்களையும் தெரியும்.

அதனால் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஜூனிலிருந்து தினமும் பேப்பரில் வரும் ஷேர் பட்டியலில் எத்தனை கம்பெனி ஏறியது, எத்தனை இறங்கியது என்று எண்ணுகிறேன். ஏறியதில் இறங்கியதைக் கழித்து, வருகிற மிச்சத்தை முந்தின நாள் மொத்தத்தோடு சேர்க்கிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை, ஒரு பத்திரிகையில் படித்தது. சந்தை உண்மையிலேயே திடமாக இருந்தால் சென்செக்ஸ் ஏறும்போது இந்த மொத்தமும் ஏறவேண்டும். எனக்கு இறங்கிக்கொண்டே போகிறது. உன்னுடைய மூன்று பேர் சந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களுக்குக் கால் வலித்தால் பிடிக்க ஆள் இல்லை.

நவ்யாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்காதே. அவளுக்காகத்தான் சொல்கிறேன். பாதி பணம் வருமென்றால் இன்றே விற்று பாங்கில் போடு, உடனே கையெழுத்துப் போடுகிறேன். மீதிப் பாதிக்குக் கடன் வாங்கலாம். இருக்கிற பாதியும் போய்விட்டால் ஜூனில் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பாய்?

உன் பாவா அப்படியேதான் இருக்கிறார். முதல் ஷிஃப்ட் நேரத்துக்கு எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறார். பிறகு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு வருஷமாயிற்று. நான் ஒன்றும் கேட்பதில்லை, எனக்கும் அலுத்துவிட்டது.

அக்கா,
வெங்கடம்மாள்


கணபதி
12.10.1999

அன்புள்ள அக்காவுக்கு,

எலெக்‌ஷன் முடிவு வந்து, சென்செக்ஸ் ஐயாயிரத்தைத் தொட்டுவிட்டது. ரேடியோவில் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் ஆபீசுக்குக் கீழே லேத் பட்டறை வைத்திருக்கும் ஆறுச்சாமி அண்ணனை உங்களுக்குத் தெரியும். அவர் ஆகஸ்டில் பழைய லேத் ஒன்றை விற்று, நான் சொன்ன அதே மூன்று கம்பெனியில் போட்டார். நேற்று ஒரு கிலோ மைசூர்பாகோடு மேலே வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது, “ஏனுங்க பாலு, ஊருக்கெல்லாம் வழி சொல்லிப்போட்டு நீங்க மட்டும் பாட்டன் காலத்து மில்லு ஷேரக் கட்டிப்புடிச்சுட்டு உக்காந்துட்டீங்களே, உங்கக்கா இன்னும் கையெழுத்துப் போடலீங்களா?” என்று சத்தமாகக் கேட்டார். ஆபீசில் பத்துப் பேர் இருந்தார்கள். மைசூர்பாகைப் பேப்பரில் மடித்து மேஜைக்குள் போட்டுவிட்டேன்.

நீங்கள் ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் நவ்யாவின் சீட்டுக்கு முக்கால்வாசி இன்று சேர்ந்திருக்கும். நான் பெரிதாக்கிச் சொல்லவில்லை, பாவாவை வேண்டுமானால் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை கம்பெனி ஏறியது, எத்தனை இறங்கியது என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லோரும் ஏறவேண்டுமென்று எனக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை. நான் வாங்குகிற மூன்று ஏறினால் போதும்.

நவ்யாவின் அம்மா உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத மாட்டேன். ஆனால் நான் அவளை மறுத்துப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாரங்களை மறுபடி அனுப்புகிறேன்.

பாலு


காரமடை
17.10.1999

பாலு,

உன் பெண்டாட்டி சொன்னதை எழுதாமல் விட்டதற்கு நன்றி. என்னவென்று எனக்குத் தெரியும். ‘பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை படிப்பைப் பற்றி என்ன தெரியும்’ என்றிருப்பாள். நீ மறுத்துப் பேசவில்லை என்று எழுதினாயே, அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஐயாயிரம் ஆனதும் இங்கேயும் தெரிந்துவிட்டது. என்னோடு ஸ்கூலில் இருந்த டிராயிங் மாஸ்டர் கூட ஏதோ கம்பெனி ஷேர் வாங்கியிருக்கிறாராம். கோயிலில் பார்த்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், நீங்க வாங்கலீங்களா? உங்க தம்பியே அந்த யாவாரந்தானுங்களே?” என்றார். இல்லை என்றேன். உடம்பு சரியில்லாதவளைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உன் பாவாவும் தமிழில் ஆரம்பித்துவிட்டார். “ஏன் அம்மணி, ஊரே ஒண்ணு சொல்லுது, நீ ஒருத்தி ஒண்ணு சொல்ற. நீ சொல்றதுதான் சரியா இருக்கோணும்னு என்ன இருக்குது?” என்கிறார். யோசித்துப் பார்த்தால், அப்படி ஒன்றும் இல்லைதான்.

உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் பிடிவாதத்துக்காக இருக்கவில்லை. தினமும் சமையலை முடித்துவிட்டுப் பேப்பரை விரிக்கும்போது இன்றாவது ஏறியது அதிகமாக இருக்கக்கூடாதா என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் உனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்வேன். ஐயாயிரம் வந்த அன்றைக்குக்கூட என் பட்டியலில் இறங்கியதுதான் அதிகம். சந்தோஷமான செய்தி வருகிற அன்றைக்கே இப்படி என்றால், துக்கச் செய்தி வருகிற அன்றைக்கு எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

ஒன்று செய். என் கணக்கு தப்பென்று காட்டு. ஆறுச்சாமி மைசூர்பாகு கொடுத்தார் என்பதையெல்லாம் எழுதாதே. கணக்கில் தப்பு எங்கே என்று காட்டு. காட்டிவிட்டால் மறுபேச்சில்லாமல் போட்டு அனுப்புகிறேன். இது என் வாக்கு.

தீபாவளிக்கு வருவாயா? நவ்யாவையாவது அனுப்பு.

வெங்கடம்மாள்


கணபதி
15.11.1999

அக்காவுக்கு,

தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்ததில் சந்தோஷம். நவ்யாவுக்கு நீங்கள் எடுத்துவைத்த சுடிதார் சரியாக இருக்கிறது.

வந்த அன்று நீங்கள் அடுப்படியில் இருந்தபோது, நீங்கள் எண்ணும் பேப்பர்களை எடுத்துப் பார்த்தேன். அங்கேயே சொல்லியிருப்பேன்; பண்டிகை நாளில் வேண்டாமென்று பேசாமல் வந்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது நம் கோயமுத்தூர் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் பட்டியல், பம்பாய்ப் பட்டியல் இல்லை. நான் பம்பாய் சந்தையோடு இணைந்த டெர்மினல் வைத்திருக்கிறேன், ஆறுச்சாமி மாதிரி ஆட்கள் என்னிடம் வந்து நேராக பம்பாயில் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். என்னைப் போல் கோயமுத்தூரில் எத்தனையோ பேர். நம் ஊர் கூடத்தில் இப்போது வியாபாரம் நடப்பதே அபூர்வம். அந்தப் பேப்பர்காரன் இடம் நிரப்புவதற்காகப் பழைய விலைகளையே திரும்பத் திரும்ப அச்சடிக்கிறான். நீங்கள் மாற்றமில்லை என்று விட்டுவிட்ட கம்பெனிகள் எல்லாம் கடைசியாக எப்போது கைமாறியது என்று உங்களுக்குத் தெரியுமா? சிலது மூன்று மாதத்துக்கு முன்னால். ஏதோ நாலு மில் ஷேர் பத்துக் காசு இறங்குகிறது, நீங்கள் இந்தியாவே இறங்கிவிட்டது என்று எழுதிவைக்கிறீர்கள்.

வகுப்பு, சராசரி என்று எனக்குப் பாடம் நடத்தினீர்களே. எல்லாப் பிள்ளைகளும் வேறு ஸ்கூலுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் காலி வகுப்பில் நின்றுகொண்டு அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை ஆபீசில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதற்காக எத்தனை மாதம் போயிற்று! ஆகஸ்டிலிருந்து என் தலையைத் தின்று, பாவாவை ஒரு பக்கம் கவலைப்பட வைத்து, நவ்யாவின் எதிர்காலத்தையே நிறுத்திவைத்தது இந்தக் கணக்குதான்.

தப்பைக் காட்டச் சொன்னீர்கள், காட்டிவிட்டேன். பாரங்கள் இத்துடன். வாக்குக் கொடுத்தது நீங்கள்.

பாலு


கணபதி
3.12.1999
(அஞ்சலட்டை)

அக்காவுக்கு, என் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன் என்று நவ்யாவின் அம்மாவே சொல்கிறாள். இரண்டு வரி போடவும். பாவாவை விசாரித்ததாகச் சொல்லவும். பாலு.


காரமடை
20.12.1999

பாலு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. முதலில் நீ சொன்னது உண்மையா என்று பார்க்கவேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் லைப்ரரிக்குப் போய்ப் பழைய பேப்பர்களையெல்லாம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். ஒரே விலை வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறது. நான் தினமும் கண்ணால் பார்த்திருக்கிறேன், மாறாத விலைதானே என்று தாண்டிப் போயிருக்கிறேன். மாறவில்லை என்பதற்கும் யாருமே வாங்கவில்லை, விற்கவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கணக்கு டீச்சருக்கு இது வெட்கக்கேடு.

அதற்குப் பிறகு ஏன் இத்தனை நாள் என்று கேட்பாய். பாரத்தை எடுத்து வைப்பேன், பேனாவை எடுப்பேன், உன் பாவாவுக்கு மாத்திரை நேரமாகிவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவைப்பேன். பிறகு வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டது. கோயில் கூட்டத்தில் வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் நம் வீட்டில்தான் தங்கினார்கள். அவர்களும் ஷேரைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர்கூட ரங்கநாதரைப் பற்றிப் பேசவில்லை. நான் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நினைத்தேன், எதற்காக இதை நான் ஒருத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

முப்பத்தாறு பாரத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் ரிஜிஸ்தர் தபாலில் வருகிறது. உண்மையைச் சொல்கிறேன், உன் மூன்று கம்பெனிமேல் நம்பிக்கை வந்து போடவில்லை. என் கணக்கும் இல்லை என்றான பிறகு கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதோடு அலுத்துவிட்டது, கண்ணு. ஊர் முழுக்க ஒரு பக்கம் போகும்போது எதிரில் நின்றுகொண்டிருக்க ஐம்பத்திரண்டு வயதில் தெம்பு இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அத்தை காலி வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்தாள் என்று நவ்யாவிடம் சொல்லிவிடாதே. அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான்.

அக்கா


கணபதி
20.12.1999

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவைத்திருந்தால் கிழித்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் பதில் எழுதவில்லை. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது, சரியான பட்டியலை வைத்தே எண்ணிக் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மன்னிக்கவும், அப்படித்தான் நினைத்தேன். பம்பாயில் மொத்தம் எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்று இங்கிலீஷ் பேப்பரில் ஒரு மூலையில் தினமும் போடுகிறான். இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அந்த மூலையை நான் படித்ததே இல்லை. மாதம் பிறந்ததிலிருந்து அதை எடுத்து, நீங்கள் செய்கிற மாதிரியே கழித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இறங்குகிறது அக்கா. சென்செக்ஸ் ஏறுகிற நாளிலும் ஒன்று ஏறினால் இரண்டு இறங்குகிறது. நம்பாமல் போன மாதத்துக்கும் பழைய பேப்பரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் பாதிக்கு மேற்பட்ட நாள் அப்படித்தான். இன்னொன்றும் பார்த்தேன். வருஷத்திலேயே உயர்ந்த விலையைத் தொட்ட கம்பெனி எத்தனை, வருஷத்திலேயே தாழ்ந்த விலைக்குப் போனது எத்தனை என்று. உயர்ந்ததில் என் மூன்று கம்பெனியும் அவற்றின் பங்காளிகளும் இருக்கிறார்கள். தாழ்ந்ததில் சிமெண்ட், சர்க்கரை, நூல், பம்பு செட் என்று பக்கம் நிறைந்து கிடக்கிறது. நீங்கள் தப்பான பட்டியலை வைத்துக்கொண்டு சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

டவுனில் பெரிய புரோக்கர் ஆபீசில் இருக்கும் முஸ்தபா பாயைத் தனியாகக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். அவர்தான் எங்கள் மாதிரி சின்ன ஆபீஸ்களின் ஆர்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்பவர். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். “எனக்குந் தெரியுமுங்க பாலு. இதை வெளிய சொன்னா நாளைக்கு ஒரு ஆளு இந்தப் பக்கம் வருவானுங்களா? நீங்களும் கடை வெச்சிருக்கறீங்க, நானும் வேலைக்குப் போகோணும். பேசாம இருங்க” என்றார். அவர் பயப்படவில்லை, அலுத்துப்போன ஆள் பேசுவது மாதிரி பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முப்பத்தாறையும் விற்று பாங்கில் போடலாம். நீங்கள் ஆகஸ்டில் சொன்னதுதான். அதற்கு வேண்டுமானால் பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். இப்போதைக்கு ஒன்றும் அனுப்பவேண்டாம். அனுப்பினால் எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. திரை எதிரில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பாலு


காரமடை
23.12.1999

பாலு,

உன் கடிதமும் என் ரிஜிஸ்தர் தபாலும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் முப்பத்தாறு பாரமும் உன் மேஜையில் இருக்கும்.

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு உன்மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. அடுப்பில் வைத்த சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். நான் தப்பென்று நீ சொன்னபோது கூட அவ்வளவு வலிக்கவில்லை. நான் எழுந்து நின்ற வரைக்கும் தள்ளிக்கொண்டே இருந்தாய். உட்கார்ந்தபிறகு வந்து எழுந்திரு என்கிறாய்.

என்னைக் கேட்காதே. ஆகஸ்டில் சொன்னதைத்தான் இன்றும் சொல்வேன், அது உனக்கே தெரியும். போடு என்றும் வேண்டாம் என்றும் இனி நான் எழுதமாட்டேன். கையெழுத்து உன்னிடம் இருக்கிறது, திரையும் உன்னிடம் இருக்கிறது, பிள்ளையும் உன்னுடையது. நான் வைத்திருந்தது போதும், நீ கொஞ்ச நாள் வைத்துப் பார்.

அக்கா


கணபதி
30.12.1999

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை பூராவும் பாரங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் அந்த மூன்று கம்பெனி ஏறியது. கீழே லேத் ஓடினால் மேலே என் மேஜை அதிரும். பாரங்கள் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும், நான் பிடித்து உள்ளே வைப்பேன். ஒரு போன் செய்தால் போதும். செய்யவில்லை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முஸ்தபா பாயிடம் போய், விற்றுத் தந்துவிடுங்கள், பணத்தை பாங்கில் போடப்போகிறேன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். “அஞ்சுதானுங்க போச்சு. மிச்சத்தக் கேக்க ஆளே இல்லீங்க. வெலை கொறச்சும் கேட்டுப் பாத்துட்டனுங்க” என்றார். முப்பத்தொரு கம்பெனிக்கு வாங்க ஆள் இல்லை. பாவா வேலை பார்த்த மில்லும் அதில் ஒன்று. நான் நான்கு மாதமாக உங்களிடம் சண்டை போட்டுக் கேட்ட கையெழுத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு. நீங்கள் எண்ணிய அந்தப் பழைய விலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் கம்பெனிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மூன்று மாதமாக விலை மாறவில்லை என்று உங்களுக்கு எழுதிக் கிண்டல் செய்தேனே, அது நம் ஷேர்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகஸ்டில் நீங்கள் சொன்ன மாதிரி பாங்குக்காக விற்றிருந்தால் கொஞ்சமாவது போயிருக்கலாம். ஐந்து விற்ற பணத்தை நம் இருவர் பேரிலும் டெபாசிட் போட்டுவிட்டேன்.

அப்படியானால் நவ்யாவின் சீட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். என் பேரில் நான் வாங்கியிருந்த சாஃப்ட்வேர் ஷேர்களை நேற்று மதியம் விற்றுவிட்டேன். போனில் சொல்லி முடிப்பதற்குள் வாங்கிவிட்டார்கள், அத்தனை பேர் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் நான் போட்டது மூன்று மடங்காகியிருக்கிறது. அவள் சேருவதற்கும் முதல் இரண்டு வருஷத்துக்கும் அது போதும். மீதிக்குக் கடன் வாங்கிக்கொள்கிறேன். நவ்யாவிடம் சொன்னேன். அத்தை சொல்லித்தான் விற்றேன் என்று சொன்னேன்.

இன்று அது இன்னும் ஏறிவிட்டது. காலையில் திரையைத் திறந்ததும் தெரிந்தது. நேற்று விற்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு மாதத்துப் பணமும் வந்திருக்கும் என்று நவ்யாவின் அம்மா கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆறுச்சாமி அண்ணன் மேலே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி, “என்னுங்க பாலு, உங்கக்கா சீக்கு உங்களுக்கும் ஒட்டிக்கிச்சுங்களா?” என்றார். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரிடம் எண்ணிக்கையை எடுத்துச் சொல்லப் பார்த்தேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகிடம் பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றியதும் நிறுத்திவிட்டேன்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. சரியாக இருந்தாலும் அது என்றைக்குத் தெரியும் என்பதும் தெரியாது. கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்க்கிறேன், அதே விடைதான் வருகிறது. ஆனாலும் காலையிலிருந்து நாலு தடவை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. எனக்கு ஒரே ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது அக்கா. நீங்கள் ஆகஸ்டிலிருந்து இப்படி இருந்திருக்கிறீர்கள், சிரித்தவர்களில் முதல் ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
பாலு